முடிஞ்சா நில்லு, கண்ணு

கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பதைப் பள்ளிக்கூட மணியை விடச் சரியாகத் தெரிந்து வைத்திருந்த பிள்ளைகள் நாம். என் வயதொத்தவர்களுக்கு, அதிலும் கோயமுத்தூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு, அந்த வருடங்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மெழுகுவர்த்தி சொட்டி ஒட்டிக்கொண்ட நோட்டுப் பக்கங்கள், சார்ஜர் லைட்டின் அடியில் செத்துக் கிடக்கும் பூச்சிகள், வியர்வையில் ஊறிய தலையணை. அதையெல்லாம் இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு மாசி மாதத்தைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் பேசியதில்லை.

எங்கள் வீடு சோமனூருக்கு அந்தப் பக்கம். வீடு என்பதை விடத் தறிக்குடோன் என்பதுதான் பொருந்தும். பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிற நீளமான ஓட்டுக் கட்டடம். அதன் ஓரத்தில் சுவர் வைத்துத் தடுத்த இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, அக்கா, நான். தறி ஓடும்போது அலமாரியில் தட்டுகள் நடுங்கும். சொம்புத் தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்களாக அலை போய்க்கொண்டே இருக்கும். குழம்பில் பஞ்சுத்தூசி மிதந்தால் விரலால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவோம். தறி எண்ணெயின் வாசம்தான் எனக்கு வீட்டின் வாசம்.

அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் வாய்விட்டுப் பேச முடியாது. அதனால் தறிக்காரர் வீடுகளில் எல்லாருக்கும் உதட்டைப் பார்த்துப் படிக்கத் தெரியும். அம்மா கடைசித் தறியில் நின்றபடி "அடுப்புல பாலு" என்று உதட்டை அசைத்தால் போதும், வாசலில் நிற்கும் நான் சமையலறைக்கு ஓடுவேன். அப்பாவுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் நூல் தீர்ந்த தார்க்குச்சி ஒன்றை எடுத்து முதுகைப் பார்த்து எறிவார். திரும்பினால் அவர் உதட்டில் சேதி இருக்கும். திட்டுவதும் அப்படித்தான், கொஞ்சுவதும் அப்படித்தான். பெரிய பேச்சுகளுக்கு மட்டும் கரண்ட் போக வேண்டும். யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் செத்துப்போனார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் திடீரென்று வந்த அமைதியில், காதுக்குள் இன்னும் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது, தேவைக்கு மேல் சத்தமாகப் பேசப்பட்டன.

அக்கா அரசுப் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாவது. நான் ஆறாவது. அந்த வருடம்தான் என்னை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடப் படி ஏறியதே எங்களைச் சேர்க்கப் போனபோதுதான். வகுப்பில் மிஸ் சொல்வதில் பாதி புரியாமல் தினமும் அழுதுகொண்டு வந்தேன். அக்காதான் சொல்லிக்கொடுத்தாள். பள்ளி விட்டு வந்து ஒரு மணி நேரம் அம்மாவுக்கு ஒத்தாசையாகத் தறியில் நிற்பாள். நான் எதிரில் ஒரு தகர டின்னின் மேல் உட்கார்ந்துகொள்வேன். பாடம் உதட்டால் நடக்கும்.

அதில் எங்களுக்கு ஒரு கள்ளச் சந்தோஷமும் இருந்தது. தமிழில் நாங்கள் என்ன பேசினாலும் அப்பாவும் அம்மாவும் ஒரு சொல் விடாமல் படித்துவிடுவார்கள். இங்கிலீஷைப் படிக்க முடியாது. பன்னிரண்டு தறிக்கு நடுவில் எங்கள் இருவருக்கு மட்டும் கதவு வைத்த அறை ஒன்று கிடைத்தது போல இருக்கும். தறியில் பழைய பாவு நூல் தீர்ந்ததும் புதுப் பாவு பிணைக்க வருகிற அண்ணன் ஒருவர், கரண்ட் போனதும் முதல் வேலையாக எங்களைத்தான் வம்புக்கு இழுப்பார்.

"ஏனுங் அம்மிணி, அக்காளும் தம்பியும் என்ன, ஆளுக்கொரு கைப்பிடி மொச்சக்கொட்டைய வாயில போட்டுக்கிட்டு மெல்லறீங்களா?"

"இல்லீங்கண்ணா, உங்களத்தான் திட்டிக்கிட்டிருக்கறோம்" என்பாள் அக்கா.

"திட்டுங்க, திட்டுங்க. இங்கிலீசுல திட்டுனா எனக்கென்ன, மேல ஒட்டவா போகுது?"

ஒரு நாள் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி மிஸ் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். மஸ்ட், ஹேவ் டு, நீட் டு, ஷுட் நான்கில் ஒன்றைப் போட வேண்டும். எனக்கு எரிச்சல்.

"எல்லாமே 'ணும்'தானக்கா? போகணும், திங்கணும், படிக்கணும். ஒரே வேலைக்கு எதுக்கு நாலு ஆளு?"

கரண்ட் இல்லாத நேரம் அது. அக்கா தறிக்கட்டையில் சாய்ந்துகொண்டு யோசித்தாள். "அப்படி இல்லடா. எங்கிருந்து வருதுன்னு பாரு. மஸ்ட்னா உள்ள இருந்து வர்றது. யாரும் சொல்லாட்டியும் நான் செஞ்சே தீருவேன்கறது. ஹேவ் டுன்னா வெளிய இருந்து வர்றது, யாரோ செய்யச் சொல்றாங்க, செஞ்சாகோணும். நீட்னா அது இல்லாட்டி ஆகாது, பசிச்ச வயித்துக்குச் சோறாட்ட. ஷுட்னா நல்லதுக்குச் சொல்றது. செய்யலீன்னா நாலு பேரு பேசுவாங்க, அவ்வளவுதான்."

"அப்ப பல்லு வெளக்கறது?"

"உனக்கு ஹேவ் டு. வெளக்காம வந்தியின்னா உன்ற முதுகுல ஒண்ணு வெக்கறது எனக்கு மஸ்ட்."

அவள் சொன்னது அத்தனையும் இலக்கணப்படி சரியா என்று கேட்டால், முழுக்கச் சரியில்லை. ஆனால் எனக்கு அது அப்படியே பதிந்துபோனது. அதன்பின் வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லை ஒட்டிப் பார்ப்பது எங்கள் விளையாட்டானது. தறிச் சத்தத்தில் அந்தச் சொற்களுக்கு முகம்தான் உண்டு, ஒலி கிடையாது. மஸ்ட் என்றால் உதடு ஒட்டித் திறக்கும். நீட் என்றால் பல் தெரியும். ஷுட் என்றால் உதடு குவியும். மாமன் வீட்டுச் சீருக்குப் போவது ஷுட். அப்பாவின் பீடி நீட் என்றேன் நான். அக்கா மூக்கைச் சுளித்தாள். தறி ஓடுவது மஸ்ட் என்றேன். அவள் அப்பாவின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹேவ் டு என்று உதட்டை அசைத்தாள்.

இன்று என் பிழைப்பே இந்தச் சொற்களில்தான் ஓடுகிறது. மென்பொருள் கம்பெனியில் வேலை. வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, இது மஸ்ட், இது ஷுட் என்று பிரிக்க வேண்டும். மஸ்ட் என்று குறித்தது இல்லாமல் வேலை முடியாது. ஷுட் என்று குறித்ததை நேரமிருந்தால் செய்யலாம். இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். ஆனால் எங்கள் ஊரில் இன்னொரு சொல் இருக்கிறது. அதை என்னால் எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடிந்ததில்லை.

அந்தத் தை மாதக் கடைசியில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் நடந்தது. சிங்காநல்லூரில் ஓர் ஆஸ்பத்திரி. குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, நெடுநேரம் நிற்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறு தறி அப்பாவுடையது, ஆறு தறி அம்மாவுடையது. அம்மாவின் ஆறும் ஆளில்லாமல் நின்றன.

கூலிக்கு ஆள் வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வைக்க முடியாது. கரண்ட் எல்லாக் குடோனுக்கும் ஒரே நேரத்தில்தான் வரும். ஒரே நேரத்தில்தான் எல்லாருக்கும் ஆள் வேண்டும். வந்த நேரத்தில் ஓட்டினால்தான் உண்டு. நிறுத்தி வைத்தால் பாவும் நூலும் கொடுக்கிற ஜவுளிக்காரர் அடுத்த பாவை வேறு குடோனுக்கு இறக்கிவிடுவார். அப்படி ஒருமுறை கைமாறிப் போனால் திரும்பி வராது.

அப்பா அக்காவைப் பள்ளிக்கூடம் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன். காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வந்து நிலைப்படியில் நிற்பார். துண்டால் கழுத்தைத் துடைப்பார்.

"ஏங்கண்ணு, இன்னைக்கு ஒரு நாளைக்கு முடிஞ்சா நிக்கறயா? முடியலீன்னா வேண்டாஞ்சாமி, நீ பள்ளிக்கூடம் போ. நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

அடுத்த நாளும் அதே துண்டு, அதே நிலைப்படி. "முடிஞ்சா, கண்ணு." அவர் நடிக்கவில்லை. அவருக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். நெருக்கடி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் குரல் இறங்கும். 'கண்ணு' வரும், 'சாமி' வரும், வெளி ஆளாக இருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் 'ங்க' வரும். அதட்டிச் சொன்னாலாவது எதிர்த்துப் பேசலாம். இப்படிக் கேட்டால் எந்த இடத்தைப் பிடித்து மறுப்பது?

'முடிஞ்சா' என்பதற்கு நான்கில் எதைப் போடுவது என்று அக்காவை உதட்டால் கேட்டேன். அவள் தறி நாடாவில் நூல் தீர்ந்த தாரை மாற்றிக்கொண்டிருந்தாள். மாற்றி முடித்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

பரீட்சை நெருங்கியபோது ஒரு மத்தியானம் அவளுடைய இங்கிலீஷ் டீச்சர் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி, கையில் பூப்போட்ட குடை. கரண்ட் போயிருந்தது. அப்பா பதறிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டினார். பஞ்சுத்தூசி எழும்பி டீச்சர் தும்மினார்.

"வாங் டீச்சர், வாங்க. இந்த வெயில்ல நீங்க வரலாமுங்களா? ஒரு சொல்லு சொல்லியுட்டிருந்தா நானே வந்திருப்பனுங்களே."

"சொல்லியும் பாத்தாச்சு, ஆளும் விட்டாச்சு. பிள்ள ஹால் டிக்கெட் வாங்கக்கூட வரல்ல. அதான் நானே கொண்டு வந்தேன்." டீச்சர் அதை அக்காவின் கையில் கொடுத்தார். "நல்லா படிக்கிற பிள்ளையாக்கும் இவ. எழுதினா காலேஜில சீட்டு உறுதி. இவள பரீட்சைக்கு அனுப்புவீங்களா, மாட்டீங்களா? எனக்கு இப்பவே தெரியணும்."

இப்படி முகத்துக்கு நேராக யாரும் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. கட்டிலில் படுத்திருந்த அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அப்பா தலையைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார்.

"ஆகட்டுங் டீச்சர். நீங்க இத்தன தூரம் வந்து சொல்லறப்ப நாங்க வேண்டாம்ன்னு சொல்லுவமுங்களா? பாத்துக்கலாமுங்க. மொதல்ல மோர் குடிங்க."

வீடு தேடி வந்தவரை, அதுவும் ஒரு டீச்சரை, மறுத்து அனுப்புவது எங்களுக்கு அவரை அவமானப்படுத்துவது மாதிரி. அதனால் 'ஆகட்டுங்க' என்போம். 'பாத்துக்கலாமுங்க' என்று ஒன்றையும் கூடவே சேர்த்துவிட்டால், ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அது மறுப்பு என்று புரிந்துகொண்டு மோரைக் குடித்துவிட்டு எழுந்து போவார். டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது.

ஆனாலும் அவருக்கு ஏதோ ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அக்காவின் பக்கம் திரும்பி, பெற்றவர்களுக்குப் புரியாமலிருக்க இங்கிலீஷில் கேட்டார். பயப்படாமல் சொல், இந்த வேலையை நீ செய்தாக வேண்டும் என்று யாராவது சொல்கிறார்களா என்று. 'ஹேவ் டு' என்றுதான் கேட்டார். அந்த வீட்டில் அதைப் புரிந்துகொள்ள முடிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அக்கா ஒரு நொடி அப்பாவைப் பார்த்தாள். அவர் மோர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகள் இங்கிலீஷ் பேசப்போகிறாள் என்று பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"நோ, மிஸ். ஐ நீட் டு" என்றாள் அக்கா. அம்மா உடம்பு தேறும் வரைக்கும்தான் என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னாள்.

"பரீட்சை?"

"ஐ மஸ்ட் ரைட், மிஸ்."

டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டினார். டம்ளரை வாங்கி வாயில் வைத்த நேரம் குண்டு பல்பு எரிந்தது. "கரண்டு!" என்று அப்பா கத்தினார். அவரும் அக்காவும் ஓடினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தறிகள் கிளம்பி, பேச்சு அத்தோடு முடிந்துபோனது. நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்து அம்மா சங்கடத்தோடு கும்பிட்டாள். நான்தான் பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன்.

"உங்கப்பா ஒத்துக்கிட்டாரு, பாத்தியா? நான் சண்டை போட வேண்டி வரும்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். தங்கமான மனுசன்."

"டீச்சர், அப்பா வேண்டாம்ன்னுதானுங்க சொன்னாரு."

"எப்போ? ஆகட்டும்னாரே. நான் என் காதால கேட்டேனே."

"அப்படிச் சொன்னா அப்படித்தானுங்க."

டீச்சர் குடைக்குள் நின்று சிரித்தார். "பெத்த அப்பாவப் பத்தி அப்படிச் சொல்லப்பிடாது மக்களே. எங்க ஊரில ஆகட்டும்னா ஆகட்டும்தான்." பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையும் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் தகர டின்னில் உட்கார்ந்து, ஏன் நீட் என்று சொன்னாய் என அக்காவைக் கேட்டேன். இங்கிலீஷில் கேட்க எனக்கு அவ்வளவு தெரியாது. அப்பா முதுகைக் காட்டி நின்ற நேரம் பார்த்துத் தமிழில் கேட்டேன். அவளும் அப்படியே பதில் சொன்னாள். "ஹேவ் டுன்னு சொல்லியிருந்தா டீச்சர் அப்பாவத் திரும்பிப் பாத்திருப்பாங்கல்ல? மோர வெச்சுக்கிட்டு நிக்கற மனுசன எப்படிடா அப்படிப் பாக்க உடறது?"

பரீட்சை அன்று காலை அக்கா யூனிபார்ம் போட்டுக்கொண்டாள். முதல் நாள் தமிழ்ப் பரீட்சை. பேனாவை நாலுதரம் உதறி எழுதிப் பார்த்தாள். அப்பா நிலைப்படியில் வந்து நின்றார். அன்றைக்கு 'முடிஞ்சா' என்று அவர் சொல்லவில்லை.

"போயிட்டு வா, கண்ணு. பன்னெண்டையும் நானே பாத்துக்கறேன்."

ஒரு ஆளால் அது ஆகாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டையும் ஒரு ஆள் ஓட்டினால் அறுந்த இழையைக் கவனிப்பதற்குள் பல கெஜம் துணி பாழாகும். இருந்தாலும் அவர் சொன்னார், அக்கா தலையாட்டினாள், செருப்பும் மாட்டிக்கொண்டாள். அவள் கண் துடைத்தது போலத் தெளிவாக இருந்தது. அப்போது கரண்ட் வந்தது. அப்பா ஓடிப்போய் ஒவ்வொன்றாகத் தறியைக் கிளப்பினார்.

அம்மா கட்டிலை விட்டு இறங்கினாள். ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையால் சேலையைத் தூக்கிச் செருகியபடி தன் தறிகளுக்குப் போனாள். போய்த் திரும்பி நின்று உதட்டை அசைத்தாள். "நீ போ கண்ணு. நான் நிக்கறேன். எனக்கு ஒண்ணுமில்ல." பிறகு தார்ப்பெட்டியை எடுக்கக் குனிந்தாள். பாதியிலேயே நின்றுவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகம் சாம்பலாக இருந்தது. அந்த முகத்தோடே அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மா அன்று கட்டிலிலேயே படுத்திருந்தால் அக்கா போயிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. துணி பாழாகியிருக்கும், பாவு கைமாறியிருக்கும், ஏதோ ஒன்று ஆகியிருக்கும். ஆனால் போயிருப்பாள். அம்மா நினைத்தது வேறு. தான் எழுந்து நின்று காட்டினால் பிள்ளை மனபாரமில்லாமல் போகும் என்று நினைத்தாள்.

அக்கா போக வேண்டிய பஸ்ஸின் ஹாரன் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. வாசலில் நின்ற நான் வேலிக்கு மேலே அதன் கூரை நகர்ந்து போவதைப் பார்த்தேன். ஓடி வந்து அக்காவிடம் சொல்ல வாயெடுத்தால், அவள் அம்மாவின் தோளைப் பிடித்துக் கட்டிலுக்கு நடத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். யூனிபார்மோடு ஆறு தறிக்கு நடுவில் போய் நின்றாள். எதிர்ப்பக்கத்தில் இருந்து அப்பா பார்த்தார். அவர் உதடு அசையவே இல்லை.

முதல் பரீட்சை போனபிறகு மற்றதை எழுதி என்ன என்று ஆகிவிட்டது. அன்று டீச்சர் மணி அடிக்கிற வரை கேட்டில் நின்று பார்த்தாராம். அக்காவின் தோழி சொன்னாள். அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோபமா, வருத்தமா, தெரியாது. அந்த விடுமுறையில் சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். ஐப்பசிக்குள் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அப்பாவும், "ஆமா கண்ணு, முடிஞ்சா எழுதிப்போடு" என்றார். ஐப்பசியில் கரண்ட் இன்னும் மோசமானது. அம்மா தேறித் தறிக்கு வந்தபிறகும், வந்த அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக அக்காவுக்கு மனம் வரவில்லை. அப்புறம் மாப்பிள்ளை வந்தார். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள்.

"நாங்க தடை சொல்லவே இல்லீங்க, அவளாத்தான் நின்னுக்கிட்டா" என்று அப்பா இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்வார். அது பொய்யில்லை. பொய்யாக இருந்தால் அவரோடு சண்டையாவது போட்டிருப்பேன். அக்காவிடம் கேட்டாலும் அவளும் அதையேதான் சொல்வாள். யாரும் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாத வீட்டில், ஒருத்தியின் படிப்பு நின்றுபோனது.

நான் பன்னிரண்டாவது முடித்து என்ஜினீயரிங் சீட்டு வாங்கியபோது, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் கொடுத்தால் கட்டணத்தில் சலுகை உண்டு என்றார்கள். விஏஓ ஆபீசுக்கு அப்பாவோடு போனேன். அப்பாவுக்கு ஆபீஸ் என்றால் வாய் வராது என்பதால் அக்காவும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

விஏஓ அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "ஊட்டுல இதுக்கு முன்னால யாராச்சும் காலேஜ் முடிச்சிருக்காங்களா? அண்ணன், அக்கா? அப்படி இருந்தா இது கெடைக்காது, பாத்துக்கங்க."

அப்பா தரையைப் பார்த்தார்.

அக்கா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "யாருமில்லீங் சார். என்ற தம்பிதானுங்க மொதல்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் அப்படி ஒரு பெருமை.

விஏஓ அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க அம்மிணி?"

"பதினொண்ணு முடிச்சனுங்க. அதோட நின்னுட்டனுங்க."

"அப்பச் சரி" என்று அவர் பேனாவைத் திறந்தார். "நல்லதாப் போச்சு."

அப்பா இரண்டு கையையும் சேர்த்து அவரைக் கும்பிட்டார்.